பிடியரிசியும் பேரேடும்

புதுச்சேரி குருசுக்குப்பத்தில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக் கிளையின் பொருளாளரான எனக்கு ஆண்டுக் கணக்கு ஏப்ரல் 15-ஆம் தேதியைப் பார்த்துத்தான் ஓடுகிறது. அன்றிலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அன்றோடு வருமானம் நின்றுவிடும். அரசு தடைக்கால நிவாரணம் தருகிறது. ஆனால் அது கைக்கு வந்து சேரும்வரை அடுப்பு காத்திருக்காது. பள்ளிக்கூடச் செலவும் அந்த மாதங்களில்தான் வந்து நிற்கும், தண்டல்காரரும் அப்போதுதான் வாசலுக்கு வருவார். தடை தொடங்குவதற்குள் எங்கள் கையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதுதான் என் முதல் கவலை.

இந்தக் கரையின் வறுமைக்குத் தடைக்காலம் மட்டும் காரணம் இல்லை. 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கிப்போனது. நகரத்துக் கடற்கரையும், அதற்கு வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் வரையும் மணல் கரைந்து, கருங்கல் கொட்டிய கரையாகிவிட்டன. படகை ஏற்றவும் வலையைக் காயப்போடவும் இடமில்லாத மீனவர் குப்பம் எப்படிப் பிழைக்கும்? எங்கள் பேரேட்டில் ஒவ்வொரு மாதமும் வரும் பெயர்களில் பாதிக்குமேல் இந்தக் கேள்விக்குள் அடங்கியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். எங்கள் சபையின் விதி மதம் பார்க்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது, நாங்களும் பார்ப்பதில்லை.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "கணக்கு எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்" என்று பங்குச்சாமியார் கூப்பிட்டு இந்தப் பொறுப்பைக் கொடுத்தார். அதுவரை நானும் மற்றவர்களைப் போல, கோவிலுக்குக் காணிக்கை வருகிறது, அதிலிருந்து ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பங்கின் கணக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் நிலைமை விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை கோவிலை நடத்துவதற்கே சரியாக இருக்கும். மின்கட்டணம், கோவில்பிள்ளைக்கும் உபதேசியாருக்கும் சம்பளம், மெழுகுவர்த்தி, மைக் செட் பழுது, மழைக்கு முன் கூரை வேலை, உயர்மறைமாவட்டத்துக்குச் செலுத்த வேண்டியது. பூசைக் கருத்துக்குக் கொடுக்கும் பணம் அந்தப் பூசையைச் சேர்ந்தது. அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு, ஜூன் கடைசியில் இராயப்பர் காணிக்கை, இரண்டும் உரோமைக்குப் போய்விடும். தவக்காலத்தில் பசிக்கும் நோய்க்கும் எதிராகத் திரட்டுவது காரித்தாஸ் இந்தியாவின் இயக்கத்துக்கு. எல்லாம் நல்ல காரியத்துக்குத்தான். ஆனால் பக்கத்துத் தெருவில் காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கு அதிலிருந்து அன்றைக்கு எடுத்துக் கொடுக்க முடியாது.

அதற்கென்று தனி ஊற்றுகள் இருக்கின்றன. எல்லாம் சிறியவை. கோவில் வாசலில் ஏழைகள் உண்டியல். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்கு வருகிறவர்கள் போடும் உண்டியல். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் துலோன் நகரத்தில் ஒரு கடைக்காரப் பெண்மணி, கேட்டது கிடைத்தால் ஏழைகளுக்கு அப்பம் கொடுப்பதாக அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டார். அதிலிருந்து பரவிய வழக்கம் இது. பிறகு, இறந்தவர்களின் நினைவு நாளில் குடும்பத்தார் தருவது, பங்கின் அக்கம்பக்கத்துச் செபக் குழுக்களான அன்பியங்களின் பிடியரிசி, எங்கள் கிளைக் கூட்டத்தில் சுற்றி வரும் பை.

அந்தப் பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1833 ஏப்ரல் 23 அன்று பாரீசில், அன்றுதான் 20 வயது நிறைந்த பிரெடரிக் ஒசானாம் என்ற மாணவரும் சில நண்பர்களும் கூடித் தொடங்கியது எங்கள் சபை. ஏழைகளை எப்படிச் சந்திப்பது என்று அவர்களுக்கு வழிகாட்டியவர் ரொசாலி ரெந்து என்ற அருட்சகோதரி. ரொட்டிக்கும் நிலக்கரிக்கும் சீட்டு கொடுத்து, எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். வாரம்தோறும் கூடுவது, இருவர் இருவராக வீடு பார்ப்பது, கூட்ட முடிவில் இரகசியக் காணிக்கை எடுப்பது என்ற மூன்றும் இன்றுவரை மாறவில்லை. செபம் முடிந்ததும் கருப்புத் துணிப்பை ஒன்று கைமாறிக்கொண்டே வரும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு வெளியே எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அந்த வாரம் கையில் ஒன்றும் இல்லாதவரும் வெறுங்கையை விட்டு எடுக்கிறார். கிளை உறுப்பினர்களிலேயே தடைக்காலத்தில் கஷ்டப்படுகிறவர்கள் உண்டு. ஒருவருக்கும் தலைகுனிவு வராமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. கடைசியில் பை என்னிடம் வரும். எல்லார் முன்னிலையிலும் எண்ணி, தொகையை உரக்கச் சொல்லுவேன், செயலர் குறிப்பேட்டில் எழுதுவார்.

பிடியரிசி பெண்களுடைய நிர்வாகம். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடுவது நம் பாட்டிமார் காலத்துப் பழக்கம். ஒரு பிடி சுமார் 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு ஒரு முறை எடுத்தால் மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம். 50 வீடு சேர்ந்தால் 60 கிலோ. கொடுத்த எந்த வீட்டிலும் ஒருவர் வயிறும் குறைந்திருக்காது. ஆனால் இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு வீட்டில் பொன்னி புழுங்கல், ஒரு வீட்டில் பச்சரிசி, இன்னொரு வீட்டில் இட்லி அரிசி. எல்லாம் ஒரே மூட்டையில் கலந்துவிட்டால் ஒன்று குழைந்து போகும்போது இன்னொன்று நறுக்கென்று நிற்கும். அப்படிப்பட்ட அரிசியை வாங்கிப்போகிறவர் வாய் திறந்து குறை சொல்ல மாட்டார், ஆனால் ஏழைக்கு இதுபோதும் என்று நாம் நினைத்ததாக அந்தச் சோறு சொல்லிவிடும். எங்கள் அன்பியத்துப் பெண்கள் மாதக் கடைசிச் செபக் கூட்டத்துக்கு மூன்று சாக்குகளோடு வருகிறார்கள். வந்ததைப் பார்த்துத் தரம் பிரித்துக் கொட்டுகிறார்கள். தப்பித்தவறிக் கலந்துவிட்டது தவக்காலத்துக் கஞ்சிக்குப் போகும். கஞ்சியில் எல்லா அரிசியும் கரைந்துவிடும்.

பங்கில் புதிதாகப் பொறுப்பேற்கும் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்லுவது, கொடுத்தவர் எதற்குக் கொடுத்தார் என்று எழுதி வையுங்கள் என்பதுதான். 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1267-ஆம் சட்டம், குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது. தேருக்குப் பூ என்று ஒரு குடும்பம் கொடுத்த பணம் அலமாரியில் இருக்கும்போது, வாசலில் ஒருவர் மருந்துச் சீட்டோடு நிற்பார். மனது எவ்வளவு பதறினாலும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் அடுத்த ஆண்டு பூவும் வராது, மருந்தும் வராது. செய்யக்கூடியது ஒன்றுண்டு. திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே உபயதாரர் வீடுகளுக்குப் போய், பூவிலும் வாணத்திலும் கொஞ்சம் குறைத்து ஏழைகள் நிதிக்கு என்று நீங்களே பிரித்துச் சொல்லிவிடுங்கள் என்று கேட்பது. இதுவரை கேட்ட யாரும் முகம் சுளித்ததில்லை. எல்லாப் பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பதும் (சட்டம் 537), விசுவாசிகள் கொடுத்ததற்கு அவர்களிடமே கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்பதும் (1287) அதே சட்டத் தொகுப்பில் இருக்கின்றன. திருச்சபையின் முதல் சச்சரவுகளில் ஒன்றே பந்தியைப் பற்றித்தான் வந்தது. கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் விடுபடுகிறார்கள் என்ற முறையீடு எழுந்தபின், அதைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. அன்று அந்த ஏழு பேர் செய்ததைத்தான் இன்று ஒவ்வொரு பங்கிலும் யாரோ சிலர் பேரேட்டை வைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

கொடுப்பது எதை என்பதை வீட்டுக்குப் போனால்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒரு வீட்டுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்து வந்தோம். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா, கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. ஒரு நாள் மூட்டையை இறக்கி வைத்ததும் சொன்னார்: "அண்ணே, கோவிச்சிக்காதீங்க. அரிசி இருக்கு. வாரத்துல ரெண்டு நாளு இவர ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போவணும். பஸ்ஸுல ஏத்த முடியல. ஆட்டோவுக்கு எதனா செய்ய முடியுமா பாருங்க." ஆஸ்பத்திரியில் செலவில்லாத சிகிச்சை, அதன் வாசலுக்குப் போய்ச்சேர வழியில்லை. இதை எந்த விண்ணப்பப் படிவமும் எங்களுக்குச் சொல்லியிருக்காது. அந்தத் தெருவிலேயே ஆட்டோ ஓட்டும் ஒருவரோடு பேசி முடித்தோம். அவர் கணக்கு எழுதி வைத்து மாதம் ஒருமுறை எங்களிடம் வாங்கிக்கொள்கிறார்.

மளிகையிலும் இப்படி ஒரு மாற்றம் செய்ய வேண்டிவந்தது. புதுச்சேரியில் பல ஆண்டுகள் ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். 2024 தீபாவளிக்கு முன்புதான் கடைகள் மறுபடி திறந்தன. கணக்கில் விழுந்த பணம் பல வீடுகளில் அரிசியாக மாறவே இல்லை. கடன் தவணை பிடித்துக்கொண்டது, அல்லது ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருந்ததோ அவரோடு போனது. அதனால் நாங்கள் ரொக்கமும் கொடுக்கவில்லை, கட்டிய மூட்டையும் கொடுக்கவில்லை. தெருமுனை மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். வேண்டியதை அந்த வீட்டுப் பெண்ணே பார்த்து வாங்கிக்கொள்ளலாம். எங்கள் பங்கில் அதுதான் இன்றும் நடக்கிறது. மூட்டை தூக்கிக்கொண்டு தெரு வழியே நடக்கும் சங்கடமும் யாருக்கும் இல்லை. இதே காரணத்துக்காகப் புகைப்படம் எடுப்பதையும் கிளையில் தடை செய்திருக்கிறோம். உதவி வாங்கும் அம்மாவின் படம் அவள் மகள் படிக்கும் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச்சேர ஒரு நிமிடம் போதும்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்றை வெளியூரில் இருக்கும் பங்குக்காரர்கள் நம்ப மாட்டார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தப்படி இந்த மண் முறையாக இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புகிறவர்கள் அதைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அப்படித் தேர்ந்துகொண்ட குடும்பங்கள், சொல்தா வீடுகள் என்று நாங்கள் சொல்லும் முன்னாள் பிரெஞ்சு இராணுவத்தார் குடும்பங்கள், இன்றும் நம் தெருக்களில் இருக்கின்றன. நம்மோடு பூசைக்கு வருகிறவர்கள், தாராள மனம் உள்ளவர்கள். ஆனால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி வெளிநாட்டுக் குடிமகன் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. அவர் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாலும், கொடுப்பது இந்திய ரூபாயாகவே இருந்தாலும் அதுதான் சட்டம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் கொடுப்பது அப்படி ஆகாது. 2020-இல் வந்த திருத்தம் இன்னும் இறுக்கியது. டில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் கணக்கு வைத்துப் பணத்தைப் பெற வேண்டும், பெற்றதை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ஆகவே பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் அன்போடு உறையை நீட்டும்போது, அதை வாங்காமல், பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. அவர் மனம் நோகும். "நான் இந்த ஊர்க்காரன் இல்லியா?" என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்ட ஒருவர் இப்போது வாரத்தில் இரண்டு மாலை எங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார். அவர் கொடுக்கும் நேரத்துக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

பெரிய பணத்தையும் நான் பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்தது. அதன்பின் கடலோரமெங்கும் உதவி வந்து குவிந்ததை மறக்க முடியாது, உயிரோடு இருந்தவர்களை அதுதான் எழுப்பி உட்கார வைத்தது. ஆனால் பழைய துணி மூட்டைகள் சாலையோரத்தில் மழையில் நனைந்து கிடந்ததும், முன்பு இருந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் பல ஊர்களில் வந்து சேர்ந்ததும் உண்மை. வந்தவர்கள் திட்டம் முடிந்ததும் போய்விட்டார்கள். அப்பாவை இழந்த பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று வளர்ந்தார்கள். அந்த ஆண்டுகளில் அவர்களுக்கு நோட்டும் கட்டணமும் கொடுத்தது துணிப்பையும் பிடியரிசியும்தான். ஒருநாள் வெள்ளமாக வந்து வடிந்துவிடும் பணத்தைவிட, வாரம் தவறாமல் வரும் சில்லறையையே நான் நம்புகிறேன்.

2020 மார்ச்சில் அதற்கும் சோதனை வந்தது. ஊரடங்கில் கோவில் கதவுகள் மூடின, புனித வாரமும் ஏப்ரல் 12-ஆம் தேதி உயிர்ப்பு ஞாயிறும் மக்கள் இல்லாமலேயே கடந்தன, ஜூன் 8 வரை உண்டியலில் ஒரு காசு விழவில்லை. தேவையோ அதுவரை காணாத அளவு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், கட்டட வேலைக்காரர்கள், மீன் விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வருமானம் இழந்தார்கள். அப்போது எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. நல்ல மாதங்களில் ஒதுக்கி வைத்திருந்த சேமிப்பு ஒன்று. இன்னொன்று, கோவிலுக்கு வர முடியாவிட்டாலும் பிடியெடுப்பதை நிறுத்தாத வீடுகள். போக்குவரத்துத் திறந்ததும் அந்தப் பானைகள் நிறைந்திருந்தன. கியூஆர் குறியீடு ஒட்டி ஜிபேயில் காணிக்கை வாங்கத் தொடங்கியதும் அப்போதுதான். வசதிதான், ஆனால் அதில் யார் எவ்வளவு கொடுத்தார் என்று பெயரோடு வந்துவிடுகிறது. அந்தப் பட்டியலை என்னைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை என்று கிளையில் தீர்மானம் போட்டுவைத்தோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று பெய்தது. ஒரு நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விடிந்தால் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று பூசை முடிந்த கையோடு பெண்கள் அடுப்பு மூட்டி விட்டார்கள். அரிசிக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கொடுத்துக்கொண்டே இருப்பது மட்டும் போதாது என்பதையும் இந்த ஊரிலேயே கண்ணால் பார்க்கலாம். 1827-இல் புதுச்சேரிக்கு வந்த குளூனி சபைச் சகோதரிகள் ரொமேன் ரோலண்ட் வீதியில் நடத்தும் பூத்தையல் கூடத்தில், பல தலைமுறைப் பெண்கள் கைவேலை செய்து கூலி வாங்கிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். எங்களால் அந்த அளவுக்கு முடியாது. ஆனால் மீன் விற்கும் பெண்களுக்கு அன்னக்கூடை, தராசு, ஐஸ்பெட்டி, முதல் நாள் ஏலத்துக்கு முதல் என்று வட்டியில்லாமல் கொடுத்து, வாரம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி, அதையே அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். காலையில் வாங்கி மாலையில் வட்டியோடு கட்டும் கடனிலிருந்து ஒரு பெண் வெளியே வந்துவிட்டால், அவள் பெயர் எங்கள் உதவிப் பட்டியலிலிருந்து தானாகவே நீங்கிவிடும். சிலரால் திருப்பித் தர முடியாமல் போகிறது. துரத்திப் பிடிப்பதில்லை. அந்தப் பணத்தைக் கொடையாகவே எழுதிவிடுகிறோம்.

இப்போதைக்குப் பணக்குறை பெரிதில்லை. ஆள்குறைதான் பெரிது. எங்கள் கிளையில் பாதிப்பேருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வீடு பார்க்க இருவராகத்தான் போக வேண்டும் என்பது விதி, சில வாரம் இரண்டாவது ஆள் கிடைப்பதில்லை. இதைப் படிப்பவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவராக இருந்தாலும், வாரத்தில் ஒரு மாலை ஒதுக்க முடியுமானால், வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் கிளைத் தலைவரைப் பார்த்துப் பெயர் கொடுங்கள். அப்படிக் கிளை இல்லாத பங்கில் நான்கு பேர் சேர்ந்து தொடங்குங்கள். மற்ற மதத்தவராக இருந்தால், உங்கள் தெருவில் ஜிப்மருக்குப் போக ஆட்டோ இல்லாமல் இருப்பது யார் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.